தம்பி வாங்கிச் சேர்த்த ஜப்பான் தொப்பிகள்

நான் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அழுகின காலைக் கழுவிக் கட்டியிருக்கிறேன். வாந்தியை அள்ளியிருக்கிறேன். பிரேதத்தின் மூக்கில் பஞ்சு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, கையைக் கழுவி, மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறேன். அருவருப்பு என்கிற சங்கதி எனக்கு எப்போதோ மரத்துப்போய்விட்டது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்தில் என் தம்பி ஒருநாள் ஒரு தொப்பியை என் கையில் கொடுத்து, "உள்ள மோந்து பாருக்கா" என்றபோதுதான் அது பொய் என்று தெரிந்தது.

கருநீலத் துணியில் செய்த தொப்பி. நெற்றிப் பக்கம் நங்கூரமும் பூவும் சேர்த்துத் தைத்திருந்தது. உள்ளே சுற்றிலும் ஒரு தோல் பட்டை. அந்தத் தோல் எவனோ ஒருவனுடைய தலை எண்ணெயையும் வேர்வையையும் குடித்துக் கறுத்து, விறைத்து, ஓரத்தில் வெடித்திருந்தது. யுத்த காலத்து ஜப்பான் கடற்படைக்காரனுடைய தொப்பி என்றான். "எம்பது வருசத்து வேர்வைக்கா. இதை எவனும் போலி பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு அவனே ஒருமுறை மூக்கை உள்ளே விட்டு இழுத்தான். நான் தொப்பியை மேசையில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

தம்பிக்கு நூல் வியாபாரம். வயசுக் காலத்தில் கப்பற்படையில் சேரப் போய், கண் பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவன். எங்கள் சொந்தத்தில் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்திலோ போலீஸிலோ இருப்பார்கள். கல்யாணத்துக்குப் போனால் அவர்கள் ஒரு பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருப்பார்கள். இவன் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருப்பான். மகனை வெளியூரில் செட்டில் செய்து, வியாபாரத்தையும் பாதி குறைத்துக்கொண்ட பிறகு அந்த ஏக்கம் கிளம்பியது. நாய்க்கு வேலையும் இல்லை, நிக்க நேரமும் இல்லை என்று சொல்வார்களே, அந்தக் கதை. எந்நேரமும் போனில் ஏலம் பார்த்துக்கொண்டிருப்பான். இவனைப் போலவே வேலை வெட்டி இல்லாத ஆட்கள் உலகம் பூராவும் இருக்கிறார்களாம். அவர்களுக்கென்று ஒரு குரூப் வேறு.

பார்சல் மேல் பார்சலாக வந்தது. மாலுமிகள் வைக்கும் தட்டைத் தொப்பி, பின்கழுத்தில் துணி தொங்கும் வெயில் தொப்பி, நங்கூரம் பொறித்த இரும்புத் தொப்பி, சதுரக் காலர் வைத்த சட்டை, கொக்கி மாட்டின கறுப்புக் கோட்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நான் அம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கூடத்தில் புதிதாக ஒன்று தொங்கும். துணிக்கடைப் பொம்மைகளின் தலையை மட்டும் வாங்கி வந்து அவற்றுக்கு மாட்டி வைத்திருந்தான். சோறு தின்னும் இடத்தைச் சுற்றி வெள்ளை வெளேரென்று மூஞ்சிகள். நான் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவேன்.

ஒரு சட்டையின் விலாப் பக்கம் கறை இருந்தது. பழுப்பேறிய கறை, ஓரம் மட்டும் கொஞ்சம் கறுத்து. இருபது அடி தள்ளி நின்றாலும் அது என்ன கறை என்று எனக்குத் தெரியும். "ரத்தக் கறை இருந்தா கிராக்கி ஜாஸ்திக்கா" என்றான் தம்பி, நல்ல கத்திரிக்காய் கிடைத்த சந்தோஷத்தில் பேசுகிற மாதிரி. அவன் குரூப்பில் அந்தக் கறையைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறான். கட்டை விரலைத் தூக்கிக் காட்டி அத்தனை பேர் பாராட்டியிருக்கிறார்கள். என் வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் இந்த உடுப்புக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாதவர்கள் கிடையாது. அம்மாவின் அப்பா கூமாப்பட்டிக்காரர். பிளவக்கல் பக்கம் மலையடிவாரத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். மரம் அறுக்கிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அந்தமானுக்குக் கப்பலேறிப் போனார். அம்மா அப்போது கைப்பிள்ளை. யுத்தத்தில் ஜப்பான் கடற்படை தீவைப் பிடித்தது. தீவில் இருந்தவர்களை வெள்ளைக்காரனுக்கு உளவு சொன்னவர்கள் என்று கொத்துக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். தாத்தாவையும் கொண்டுபோனதைக் கூட வேலை பார்த்தவர் ஒருவர் கண்ணால் பார்த்திருக்கிறார். யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய அவர்தான் வந்து சொன்னார். எந்த நாள் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. நாள் தெரியாத சாவு என்பதால் எங்கள் வீட்டில் ஆடி அமாவாசைக்குத்தான் தாத்தாவுக்குப் படையல்.

அம்மாவிடம் தாத்தாவின் போட்டோ கிடையாது. பெட்டியில் ஒரே ஒரு பழைய வேட்டி இருந்திருக்கிறது. யுத்த காலத்தில் துணிக்குப் பஞ்சம். அந்த வேட்டியையும் கிழித்து அம்மாவுக்கே சட்டை தைத்துப் போட்டுவிட்டார்கள். "எங்கய்யா வேட்டிய நான்தான் உடுத்திக் கிழிச்சேன்" என்று அம்மா சொல்லும். வருஷா வருஷம் படையலில் மணைப்பலகை மேல் கோடி வேட்டியும் துண்டும் வைக்கும்போது அதற்கு ஒரு புலம்பல் உண்டு. "கடையில வாங்கின வேட்டிய வச்சா, இது தனக்கு வச்சதுன்னு அவியளுக்கு எப்படித் தெரியும்? அவிய உடம்புல பட்டது ஒண்ணாவது இருந்தா தேடி வரமாட்டாகளா?" நாங்கள் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்த புலம்பல் இது.

இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவன்தான் தொப்பி வாங்குகிறான். நான் விடவில்லை. "ஏலே, தாத்தாவைக் கொன்னவன் தொப்பியக் காசு குடுத்து வாங்கி வீட்ல மாட்டியிருக்கியே, உனக்குச் சோறு எப்படிலே இறங்குது?" என்று கேட்டேன்.

"இதெல்லாம் சரித்திரம்க்கா. உணர்ச்சிவசப்படக் கூடாது."

"சரித்திரத்தைச் சேக்கதுன்னா அங்க செத்தவன் கட்டியிருந்த கோவணத்தச் சேரு பாப்போம்."

"அதையெல்லாம் யாருக்கா எடுத்து வச்சிருக்கா?" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னான். அதுதான் என்னை இன்னும் எரிய வைத்தது. அதற்குப் பிறகு அவனிடம் தொப்பி பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

அந்த வருஷம் மழை சற்று அதிகம். கூடத்தில் தொங்கின கம்பளி உடுப்பில் அந்துப்பூச்சி விழுந்துவிட்டது. வீட்டிலேயே ஈரம் தங்காத அறை அம்மாவின் அறை. அதிலே பர்மா தேக்கில் செய்த பழைய பீரோ ஒன்று உண்டு. அதன் சாவியை அம்மா இடுப்பை விட்டு எடுக்காது. அந்தச் சாவி எப்படிக் கை மாறியது என்பதைப் பிற்பாடு தம்பி பெண்டாட்டி சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். புதிதாக வந்திருந்த வெள்ளைக் கோட்டு ஒன்றையும் அதற்குச் சேர்ந்த தொப்பியையும் தூக்கிக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டியிருக்கிறான். "அந்தமான்ல இருந்து வந்திருக்கும்மா. யுத்தத்துல செத்தவரோட உடுப்பு. உன் பீரோவுல பத்திரமா இருக்கட்டும்." விற்றவன் அப்படித்தான் சொல்லி விற்றானாம். அதனால் பொய்யில்லையாம். அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டது.

ஆடி அமாவாசை அன்று காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினேன். கூட்டமான கூட்டம். நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தேன். தாத்தாவுக்கு ஆண் வாரிசு இல்லாததால் மகள் வயிற்றுப் பேரன் என்ற முறையில் தம்பிதான் எள்ளும் தண்ணியும் இறைப்பான். அவன் ஆற்றுக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. தம்பி பெண்டாட்டி வடை சுட்டுக்கொண்டிருந்தாள். பூசணிக்காய், வாழைக்காய், பாசிப்பருப்புப் பாயசம் எல்லாம் தயார். "அத்தை ரூமுக்குள்ளயே படையல் போட்டுட்டாக. யாரையும் உள்ள விட மாட்டேங்காக" என்றாள்.

நான் உள்ளே போனேன். தலைவாழை இலை, குத்துவிளக்கு, மணைப்பலகை எல்லாம் முறைப்படி இருந்தன. பலகையில் வேட்டி துண்டைக் காணோம். அந்த வெள்ளைக் கோட்டை மடித்து வைத்து, அதன் மேல் தொப்பியை வைத்து, தொப்பியின் நங்கூரத்தின் மேல் அம்மா சந்தனம் அப்பியிருந்தது. துளசி மாலையும் போட்டிருந்தது.

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தது. எங்கள் அம்மா லேசில் சிரிக்கிற ஆள் இல்லை.

"ஏட்டி, வந்துட்டியா. பாரு, எங்கய்யா வந்துட்டாக."

கோட்டை எடுத்து என்னிடம் விரித்துக் காட்டியது. "எம்புட்டுப் பித்தளைப் பித்தான் பாரு. வெறும் மரம் அறுக்கப் போனாகன்னு சொன்னாளுவளே. பித்தான் வச்ச கோட்டுப் போடுத அளவுக்கு அங்க உசந்திருக்காக. பொறவு ஏன் காயிதம் போடலன்னு கேக்கக் கூடாது, வேலை அப்படி." இப்படிச் சொல்லிக்கொண்டே கோட்டின் கழுத்துப்பட்டையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டது. அந்தக் கழுத்துப்பட்டையின் உள்பக்கம் மஞ்சளாக ஓர் அழுக்கு வளையம் இருந்தது. எவனோ ஒரு கொலைகாரன் கழுத்தில் உரசி உரசி ஏறிய அழுக்கு. அதில் மூக்கைப் பதித்து அம்மா மூச்சை இழுத்தது. "எங்கய்யா வாடை எனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். தெரியுதுட்டி" என்றது.

நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியில் எனக்கு வராத ஓங்கரிப்பு அப்போது வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். பஸ் ஏறுமுன் குடித்த காப்பி அத்தனையும் வெளியே வந்தது.

வாயைக் கொப்பளித்துக்கொண்டு நிற்கையில் தம்பி ஈர வேட்டியோடு வந்தான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஜன்னல் வழியாகக் காட்டினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. சரி, இவனுக்கும் உறைக்கிறது என்று நினைத்தேன்.

"ஐயையோ, சந்தனத்த அப்பிட்டாளேக்கா. கறை போகாதே" என்றான்.

ஓங்கி ஒன்று விடலாம் என்று கை வந்தது. அடக்கிக்கொண்டேன். "நீயே உள்ள போயி அம்மாட்ட சொல்லுலே, அது யாரு கோட்டுன்னு" என்றேன்.

"எதுக்குக்கா? அவளுக்குச் சந்தோசமா இருக்குல்லா. எம்பது வருசமா ஒண்ணுமில்லாம இருந்தவ. இருந்துட்டுப் போட்டும். செத்த நேரம் கழிச்சு நைசா அந்தத் தொப்பிய மட்டும் எடுத்துக் குடு."

இவனைத் திட்டுவது சுலபம். ஆனால் அவன் சொன்னதில் பாதி என்னையும் பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கு இனி எத்தனை ஆடி அமாவாசை மிச்சம் இருக்கிறது? சொல்லாமல் விட்டால் தன் அப்பாவின் வாடை கிடைத்தது என்று சந்தோஷமாகக் கண்ணை மூடும். சொன்னால் இருந்த ஒன்றையும் பிடுங்கின பாவம் என்னைச் சேரும். நோயாளியிடம் எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று காலமெல்லாம் பார்த்தவள் நான். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றே முடிவு செய்தேன். அப்படி முடிவு செய்ததும் எனக்கு என் மேலேயே ஒரு கசப்பு வந்தது.

உள்ளே சூடம் காட்டுகிற நேரம். தம்பி இலைக்கு முன்னால் நின்று பார்வையைத் தொப்பியை விட்டு எடுக்காமல் கும்பிட்டான். அம்மா விழுந்து கும்பிட ஆயத்தமாகிப் புடவையைச் சரி செய்தது. அதற்கு முன் என்ன நினைத்ததோ, கோட்டை மறுபடி எடுத்து உள்பக்கத்தை என்னிடம் திருப்பிக் காட்டியது. கழுத்துக்குக் கீழே ஒரு துண்டுத் துணி தைத்து, அதில் மசியால் எழுதியிருந்தது. மங்கின எழுத்து. ஜப்பான் எழுத்து.

"எனக்குத்தான் எழுத்து தெரியாது. இது எங்கய்யா பேருதானட்டி? வாய்விட்டு வாசி. இன்னிக்கு அவிய பேரைச் சொல்லிக் கும்பிடணும்."

அதை வாசிக்க என்னால் முடியாது. தாத்தாவின் பேரைச் சும்மா சொல்லிவிட்டால் தீர்ந்தது. நாக்கு நுனி வரைக்கும் அந்தப் பேர் வந்தது. அந்த அழுக்குத் துணி மேல் தாத்தாவின் பேரை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

"அம்மா, இது தாத்தா பேரு இல்ல" என்றேன். "இது தாத்தா உடுப்பும் இல்ல. அங்க வந்து தீவைப் பிடிச்சான்லா ஜப்பான்காரன், அவன் கடற்படை உடுப்பு."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தது. அவன் தரையைப் பார்த்தான்.

"ஏலே, அவ சொல்லுதது நெசமா?"

"யம்மா... விக்கிறவன் என்ன சொன்னான்னா..."

"நெசமான்னு கேக்கேன்."

"ஆமா" என்றான்.

அம்மா கோட்டைக் கையிலிருந்து கீழே போடவில்லை. தூக்கிப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. அழும் என்று நினைத்தேன், அழவில்லை. பித்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டது. பிறகு கோட்டைத் தம்பியிடம் நீட்டியது.

"போடு."

"யம்மா?"

"போட்டு நில்லு. தொப்பியும் வையி. எங்கய்யா கடேசியா பாத்த ஆளு எப்படி இருந்தான்னு நான் பாக்கணும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் அசையவில்லை. வேறு வழியில்லாமல் ஈர வேட்டிக்கு மேலே அந்தக் கோட்டை மாட்டினான். சின்ன உடம்புக்காரனுக்குத் தைத்த கோட்டு. தோள்பட்டையில் இறுக்கிப் பிடித்தது, தொப்பைக்கு மேல் பித்தான் எட்டவில்லை. கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. துளசி மாலையை எடுத்துவிட்டு, சந்தனம் அப்பின தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு விளக்குக்குப் பக்கத்தில் நின்றான். எத்தனை வருஷமாக அவன் ஆசைப்பட்ட கோலம். நிமிர முடியாமல் நின்றான்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து அவனுக்கு முன்னால் போய் நின்றது. தன் மகனின் முகத்தை அது பார்த்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. தொப்பியிலிருந்து பித்தான் வரைக்கும் மெதுவாகப் பார்த்தது.

"இம்புட்டுத்தானாலே நீ" என்றது.

பிறகு காறித் துப்பியது. காலையிலிருந்து விரதம், பச்சைத் தண்ணீர் படாத வாய். முதல் தடவை எச்சில் வரவில்லை. வாயைக் கூட்டி, மூச்சைப் பிடித்து, மறுபடி துப்பியது. கொஞ்சம் கோட்டின் நெஞ்சில் விழுந்தது. மிச்சம் பல்லில்லாத வாயோரம் வழிந்து மோவாயில் இறங்கியது. அந்த முயற்சியில் அம்மாவுக்கு உடம்பு ஆடியது. நான் ஓடிப்போய் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். என் இரண்டு கையும் அதற்கே சரியாகப் போயிற்று.

"துடைலே" என்று தம்பியிடம் கத்தினேன்.

தம்பி பதறிப்போய்க் கையில் கிடைத்த துண்டை எடுத்தான். அதை நன்றாக நாலாக மடித்தான். கோட்டின் நெஞ்சில் எச்சில் விழுந்த இடத்தில் அழுத்தித் தேய்க்காமல், துணிக்கு நோகாமல், ஒற்றி ஒற்றி எடுத்தான். கோட்டை இழுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இன்னும் ஈரம் இருக்கிறதென்று மறுபடி ஒற்றினான். அம்மாவின் மோவாயிலிருந்து எச்சில் சேலையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் துடைத்துக்கொண்டேயிருந்தான்.